லொறியை எடுப்பதற்கு முன்

எங்கள் தோட்டத்தில் நோயாளியை ஏற்றிப் போகவென்று தனி வண்டி கிடையாது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிதான். காலையில் கொழுந்துச் சாக்கு, மத்தியானம் பிள்ளைத்தாய்ச்சி, சாயங்காலம் மறுபடியும் கொழுந்து. ஓப்பநாயக்கவுக்கு மேலே, மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து ஏறும் கல் ரோட்டின் கடைசியில் இருந்தது தோட்டம். மழை நாளில் அந்த ரோட்டில் நடந்து போகிறவர்களே சறுக்கி விழுவார்கள். அதில் லொறியை இறக்கி, பெல்மதுளை வழியாக இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

நான் தோட்டத்து மருந்துக் காம்பராவில் வேலை பார்த்தேன். நர்ஸ் படிப்பெல்லாம் படிக்கவில்லை. காயம் கட்டுவேன், டொக்டர் ஐயா எழுதிக் கொடுக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன், யாரையாவது ஆஸ்பத்திரிக்கு ஏற்றினால் லொறியின் பின்னால் உட்கார்ந்து கூடப் போவேன். ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களுக்கு நான் ‘நர்ஸம்மா’தான். அந்த லொறியை ஓட்டியவருக்கும் அப்படியே. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். அவர் கடைசிவரை என்னை ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசினார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதற்குக் காரணம் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன்பே இரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. சாக்கை விரித்து, அதன்மேல் கம்பளி போட்டு, நாலு பேர் தூக்கி லொறியில் ஏற்றினோம். புருஷன்காரன் தலையில் அடித்துக்கொண்டு, “எடுங்கண்ணே, எடுங்கண்ணே” என்று கத்துகிறான். பெண்களெல்லாம் சுற்றி நின்று ஓலமிடுகிறார்கள். இவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். பிறகு சாவியைத் திருகாமலே கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றார். கை இரண்டும் தொங்குகிறது. கண் திறந்திருக்கிறது. எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுகிறார்.

எனக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன், யாரையாவது திட்டுவேன். அன்றைக்கு அவரைத் திட்டினேன். “என்னண்ணே, வேடிக்கையா பாக்குறீங்க? உசுரு போவுது இங்க!”

அவர் திரும்பவில்லை. “ஆளு வந்திருக்கான், நர்ஸம்மா. கொஞ்சம் பொறுங்க” என்றார்.

யார் வந்திருக்கிறான் என்று ரோட்டைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அதற்குள் அவர் ஏறி லொறியை எடுத்துவிட்டார். எடுத்த பிறகு அவர் ஓட்டியதைக் குறை சொல்ல முடியாது. பின்னால் படுத்திருந்தவளின் உடம்பு அதிராமல் ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கி ஏற்றினார். ஹோர்ன் அடிக்கவில்லை. எதிரே வந்த பஸ்காரன் சிங்களத்தில் கெட்ட வார்த்தையால் திட்டியபோதும் கையைத் தூக்கி வழிவிட்டார். அந்தப் பெண் பிழைத்தாள், பிள்ளை தப்பவில்லை.  அவர் ஏன் இறங்கி நின்றார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எனக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

லயத்தில் அவரைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, அவர்மேல் ஏதோ காத்துக் கறுப்பு இருக்கிறது, அதுதான் ‘ஆளு’ என்கிறார் என்பது. இன்னொன்று, அவர் கல் மனசுக்காரர் என்பது. இரண்டையும் அவர் பெண்சாதி ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அவளுக்கும் ஒரு குறை இருந்தது. “இந்த மனுசனோட ஒரு சண்ட ஒழுங்கா போட முடியல நர்ஸம்மா. நான் ரெண்டு வார்த்த பேசுனதும் வாளியத் தூக்கிக்கிட்டு லொறியக் கழுவப் போயிருவாரு. அந்த லொறி மாதிரி சுத்தமான லொறி இந்த டிஸ்திரிக்லயே கெடையாது” என்று சிரிப்பாள். சிரித்த பிறகு, “ராத்திரில தூக்கத்துல கால உதறுவாரு. அதக் கேட்டா மட்டும் சொல்ல மாட்டாரு” என்றாள்.

அதன் காரணம் எனக்குத் தெரிய வந்தது இரத்தினபுரி ஆஸ்பத்திரியில். ஒரு நோயாளியை வார்டில் சேர்த்துவிட்டு, பழைய கட்டிடத்துப் பக்கம் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனேன். அங்கே மனநோய் கிளினிக்குக்குக் காத்திருக்கிறவர்களின் வாங்குப் பலகையில் இவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

கிளினிக் முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசல் தேத்தண்ணிக் கடைக்கு அவரே என்னைக் கூட்டிப்போனார். பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார். வெயில் நேரம். கடையில் ரேடியோ சிங்களப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

அவர் முன்னே ருவான்வெல்லைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் லொறி ஓட்டியிருக்கிறார். அங்கே ஒரு தடவை கலவரம் வந்தது. லயத்துக்கு நெருப்பு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெண்சாதியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு, அங்கிருக்கிறவர்களை ஏற்ற லொறியில் புறப்பட்டிருக்கிறார். பாதி வழியில், ரோட்டின் குறுக்கே டயரைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஒரு கூட்டம் நின்றது. லொறியை நிறுத்திவிட்டார். பின்னால் எடுத்திருந்தால் தப்பியிருக்கலாம்.

“மச்சான் பக்கத்துல ஒக்காந்து கத்துறான். ‘ரிவேர்ஸ் எடுங்க மாமா, ரிவேர்ஸ் எடுங்க’ங்கிறான். எனக்கு நல்லா கேக்குது நர்ஸம்மா. கியர் எங்க இருக்குன்னு தெரியுது. கால் வரல. யாரோ வேற ஆளோட கால எனக்கு ஒட்ட வச்ச மாதிரி இருந்திச்சு. அவன் பாத்தான். கதவத் தொறந்து குதிச்சு ஓடுனான்.” கோப்பையைக் கீழே வைத்தார். “ஓடுனவனத் தொரத்திக்கிட்டுப் போனாங்க. என்னைய விட்டுட்டாங்க. நான் சும்மா ஒக்காந்திருந்தேன்ல.”

மச்சான் உயிரோடு திரும்பவில்லை. ‘நீங்க ஏன் எடுக்கல’ என்று அவர் பெண்சாதி ஒரு நாளும் கேட்டதில்லையாம். அதுதான் அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது.

“அதுக்குப் பொறகு யாராச்சும் பக்கத்துல கத்துனா அந்த ஆளு வந்துருவான். கால் போயிரும். அதத்தான் ஆளுன்னு சொல்றது. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“இந்த டொக்டர் என்ன சொல்றாங்க?”

“டொக்டர் நோனா நல்லவங்க. நான் கோழைன்னு சொன்னேன். அவங்க சிங்களத்துல சொன்னாங்க, ஒடம்பு சில நேரம் அடிக்கும், சில நேரம் ஓடும், சில நேரம் அசையாம நிக்கும். எதச் செய்யணும்னு நம்மளக் கேக்காதாம். ஒன்னையக் காப்பாத்தத்தான் அது நின்னுச்சு, அதோட சண்ட போடாத, அது வந்தா வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கோ, தரைய மிதிச்சு மூச்சு விடு, அது எறங்கும்னாங்க. எறங்குது. ஆனா கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்த நேரந்தான் ஒங்களுக்கெல்லாம் கோவம்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிளினிக் விஷயத்தை லயத்தில் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொல்லாமல் இருந்தேன். பைத்திய டொக்டரிடம் போகிறார் என்று தெரிந்தால் லொறி கையைவிட்டுப் போய்விடும்.

அதன்பிறகு பல வருஷம் அவரோடு போனேன். எத்தனை பேரை ஏற்றினோம் என்பது ஞாபகமில்லை. பாம்பு கடித்தவர்கள், கவ்வாத்துக் கத்தியால் காலை வெட்டிக்கொண்டவர்கள், மண்ணெண்ணெய் குடித்த பிள்ளை, பூச்சிமருந்து குடித்த பெண்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது கத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் இறங்கி நிற்பார். அந்த நேரத்தில் சனங்களைத் தள்ளி நிறுத்துவதை நான் என் வேலையாக எடுத்துக்கொண்டேன். “சத்தம் போடாதீங்க, போடாதீங்க” என்று நானும் சத்தம் போடுவேன். வீட்டுக்கு வந்து படுத்தால் என் கைவிரல்கள் லொறிக் கம்பியைப் பிடித்தபடியே மடங்கிக் கிடக்கும். அவருக்கு அவர் வைத்தியம் இருந்தது. எனக்குத் தூக்கமும் இல்லை, வைத்தியமும் இல்லை. இரத்தினபுரி ரோட்டை நினைத்தாலே உடம்பு அலுத்துவிடும்.

பிறகு குளவி வந்தது.

மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டிவிட்டது. மற்றவர்கள் சேலையால் தலையை மூடிக்கொண்டு ஓடிவிட்டார்கள். வயதான ஒருத்தியால் ஓட முடியவில்லை. தூக்கி வரும்போதே அவள் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. அவளுடைய மகன் ஸ்டோரில், அதுதான் தேயிலை அரைக்கிற இடத்தில், வேலை செய்கிறவன். முப்பது வயதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். தூளும் கையுமாக ஓடி வந்தான்.

இவர் வழக்கம்போல் இறங்கினார். செருப்பைக் கழற்றினார்.

மகன் லொறியின் மேலிருந்து கத்திக்கொண்டிருந்தான். “எங்கம்மா செத்துக்கிட்டிருக்கு, நீ மரம் மாதிரி நிக்கிறியே!” நான் அந்தத் தாயின் தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். வைத்து முடித்த நேரத்தில் லொறி புறப்பட்டது. பெல்மதுளையைத் தாண்டுவதற்கு முன் அவள் மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் மகன் இவருடைய சட்டையைப் பிடித்து அறைந்தான். பித்தான்கள் தெறித்தன. இவர் கையைத் தூக்கவில்லை. அட்டென்டன்ட் இருவர் வந்து பிரித்துவிட்டார்கள்.

ஒப்பீசில் விசாரணை நடந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். யூனியன் தலைவரும் கணக்கப்பிள்ளையும் நின்றார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“லொறிய எடுக்காம நின்னாரா?”

“நின்னாருங்க.”

“எவ்வளவு நேரம்?”

“மணி பாக்கலைங்க. அம்மா தலைக்குத் துணி மடிச்சு வச்ச நேரம்.”

“அந்த நேரத்துல போயிருந்தா பொழச்சிருக்குமா?”

“தெரியாதுங்க” என்றேன். உண்மையிலேயே தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது டொக்டரும் கையைத்தான் விரித்தார்.

இவரிடம் தொரை கேட்டார். இவர் சுத்தமான சிங்களத்தில் பதில் சொன்னார். கால் வராத நேரத்தில் லொறியை எடுத்தால் முதல் வளைவிலேயே அத்தனை பேரையும் கவிழ்த்திருப்பேன் என்றார். கால் ஏன் வரவில்லை என்று தொரை கேட்டார். அதற்கு மட்டும் இவர் வாய் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். அது அவர் விஷயம். விட்டுவிட்டேன்.

லொறியை வாங்கிக்கொண்டு அவரைத் தேயிலைக் கன்று வளர்க்கிற மேடைக்கு, தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அனுப்பினார்கள். பலாங்கொடையிலிருந்து ஒரு புது டிரைவர் வந்தார். நல்ல பையன். வேகமாகப் போவார், பத்திரமாகத் திரும்பி வருவார். அவர் காலத்தில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டையைப் பிடித்த மகனுக்குத் தாய் போன பிறகு கோபம் அடங்கவில்லை. முதலில் குளவிக் கூட்டைத் தேடிப் போய்க் கொளுத்தினான். பிறகு ஸ்டோரில் சண்டை. பிறகு வீட்டில். அவன் பெண்சாதி கன்னம் வீங்கி என்னிடம் வருவாள். “அடிச்சிட்டு அவரே மூலையில ஒக்காந்து அழுறாருங்க. யாரோ என் கையப் புடிச்சு அடிக்க வைக்கிற மாதிரி இருக்குங்கிறாரு.” மருந்து போட்டு அனுப்புவேன். வேறு என்ன செய்ய முடியும்? இவர் குடியிருந்த காம்பராவும் அதே லயத்தில்தான். ஒரே சுவர். அந்தச் சத்தம் முழுவதும் இவருக்குக் கேட்கும். அப்போதெல்லாம் இவர் வாசலில் இறங்கி வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கழுவுவதற்கு லொறிகூட இல்லை.

யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். கொழும்புப் பக்கம் எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் எங்கள் தோட்டத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும். அப்படி ஒரு காலை, ஆம்பிளைகளையெல்லாம் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். தினமும் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடம் அது. பெண்களை மருந்துக் காம்பரா வாசலில் ஒதுக்கி வைத்தார்கள். நானும் அங்கே நின்றேன். அந்த மகனுக்குப் பக்கத்தில் இவர் நின்றது தற்செயல்தான்.

மகனிடம் அடையாள அட்டை இல்லை. வீட்டில் பெட்டிக்குள் கிடந்தது. ஆமிக்காரர்கள் வரிசையின் மறு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். எல்லாம் சின்னப் பையன்கள். அதிலொருவன் துப்பாக்கியைப் பிடித்திருந்த பிடியே அவனும் தூங்கவில்லை என்று சொன்னது. மகனின் தோள் இறுகுவது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அவன் தலை தேயிலைப் பக்கம் திரும்பியது. களத்தின் ஓரத்தில் ஒரு சரிவு; அதற்குக் கீழே முழுக்கத் தேயிலை. அவன் பெண்சாதி என் கையை நகம் பதியப் பிடித்தாள். “ஓடப் போறாரு நர்ஸம்மா, ஓடப் போறாரு.” ஓடினால் சுடுவார்கள். களத்தில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

இவருடைய உதடு அசைவது மட்டும் தெரிந்தது. என்ன பேசினார் என்பதை மகன் பிறகு பெண்சாதியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள்.

“ஒனக்கும் வந்துட்டானா?”

மகன் தேயிலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கும் வந்துட்டான். ஓடாத. ஓடுனவன நான் பாத்திருக்கேன். செருப்பக் கழட்டு. கால தரையில வையி. மூச்ச மெதுவா விடு. நானும் விடுறேன்.”

இரண்டு பேரும் செருப்பைக் கழற்றியதை நான் பார்த்தேன். மகனுடைய தோள் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை, ஓடாமல் நிற்கிற அளவுக்கு இறங்கியது. ஆமிக்காரன் அருகே வந்து கத்தினான். இவர் சத்தத்தை உயர்த்தாமல், தம்பியைக் கூப்பிடுவதுபோலச் சிங்களத்தில் சொன்னார்: “மல்லி, இவருக்குப் பயம், அதான் நடுங்குறாரு. கார்ட் வீட்டுல இருக்கு. அவர் பெண்சாதி அங்க நிக்கிறாங்க, எடுத்துட்டு வருவாங்க.” அவன் மறுபடியும் கத்தினான். இவர் அதையே மறுபடியும், அதே குரலில் சொன்னார். மூன்றாம் தடவை அவன் கத்தவில்லை. அவள் ஓடிப்போய் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான்.

ஆமி வண்டிகள் இறங்கிப் போன பிறகு இவர் மருந்துக் காம்பராவுக்கு வந்தார். வாசலிலேயே வாந்தி எடுத்தார். வாங்கில் படுக்க வைத்தேன். உடம்பு குளிர்சுரம் வந்ததுபோலத் தூக்கிப் போட்டது. சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன்.

“ஒங்களுக்கு இது பழகிப்போச்சுன்னு நெனச்சேன் அண்ணே.”

“எங்கங்க பழகுது” என்றார். “ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்துதான். வெளிய தெரியாது, அம்புட்டுத்தான்.”

அன்றைக்கு நான் எதுவும் பேசாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மகன் அவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடியும் அன்றோடு நின்றுவிடவில்லை, குறைந்தது. கை ஓங்கிவிட்டு, வெளியே போய் நிற்கிற நாட்கள் இருந்தன என்று அவள் சொன்னாள். எல்லா நாளும் அப்படி இல்லை.

சில மாதம் கழித்துப் புது டிரைவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். தொரை கிளார்க்கரை அனுப்பி இவரை மறுபடியும் லொறிக்குக் கூப்பிட்டார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கன்று மேடைக்கே போய்க் கேட்டேன்.

“ஏண்ணே, ஒங்களத் தள்ளி வச்சாங்கன்னு ரோசமா?”

“ரோசம் இல்லைங்க” என்றார். தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். “அலுத்துப் போச்சு நர்ஸம்மா. அவன் வர்றதும், நான் எறக்கி விடுறதும். லொறி ஓட்டுறது கஷ்டமில்ல. அதுக்கு முன்னால ஒரு வேல இருக்கே, அது யாருக்கும் கண்ணுல படாது. இங்க கன்னு கத்தாது. நானும் கொஞ்சம் சும்மா இருக்கேனே.”

 ராத்திரியில் மடங்கிக் கிடக்கும் என் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

தொரை விடுகிறவர் இல்லை. ஒரு மத்தியானம் நான் மருந்துச் சிட்டையில் கையெழுத்து வாங்க ஒப்பீசில் நின்றபோது, தொரை லொறிச் சாவியை அந்த மகனிடம் கொடுத்து, “நீயே போய்க் கூப்பிடு, நீ கூப்பிட்டா வருவான்” என்று அனுப்பினார். அவன் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு போனான். போனவன் நேரத்தோடு திரும்பவில்லை. தொரை இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தார்.

அவன் வந்தான். தனியாகத்தான் வந்தான்.

“எங்க?”

“தூங்குறாருங்க தொர. கன்னுக் கொட்டாய்க்குள்ள, சாக்குல படுத்து நல்லாத் தூங்குறாரு.”

“எழுப்பல?”

“பக்கத்துல ஒக்காந்து பாத்தேனுங்க. கால் கை ஒண்ணும் ஒதறல, மூச்சு மட்டும் மெதுவா வருது. அப்பிடி ஒரு தூக்கம்.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “எழுப்ப மனசு வரலைங்க.”

சாவியைத் தொரையின் மேசையில் சத்தம் வராமல் வைத்துவிட்டு வெளியே போனான்.